எட்சி: யூனிக்ஸ் அமைவுக் கோப்புகளின் வரலாறு

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில் கணினியின் பெயர், அதில் நுழைய உரிமை பெற்றோர் பட்டியல், எந்த வட்டு எந்த அடைவில் இணைய வேண்டும் என்ற குறிப்பு, கணினி தொடங்கும்போது ஓட வேண்டிய சேவைகள் எல்லாம் எட்சி என்ற ஒரே அடைவில் இருக்கின்றன. பெரும்பாலும் அவை எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கக்கூடிய உரைக் கோப்புகள். லினக்ஸ் சர்வர், மேக் கணினி, ஃப்ரீபிஎஸ்டி ஓடும் நெட்வொர்க் பெட்டி என எதைத் திறந்தாலும் இந்த அடைவு உண்டு. ஆனால் அமைவுக் கோப்புகளுக்கு என்று திட்டமிட்டு யாரும் இதை உருவாக்கவில்லை. வேறெங்கும் சேராதவற்றைப் போட்டுவைக்கும் இடமாகத்தான் இது தொடங்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நிரல்கள், இரகசியங்கள், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தரவுகள், தயாரிப்பாளர் தரும் இயல்பு மதிப்புகள் ஆகியவை ஒவ்வொன்றாக இதிலிருந்து பிரிக்கப்பட்டன. அந்த ஒரு கணினிக்காக அதன் நிர்வாகி எடுத்த முடிவுகள் மட்டும் இங்கே மிஞ்ச வேண்டும் என்ற கொள்கை அப்படித்தான் உருவானது.

பெல் ஆய்வகத் தொடக்கம்

கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில், பிடிபி-7 என்ற சிறு கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினர். அது பிடிபி-11க்கு மாறிய பிறகு, 1971 நவம்பர் 3 என்ற தேதியுடன் முதல் கையேடு வந்தது. எட்சி அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. அன்றாடக் கட்டளைகளுக்கு ‘பின்’, சாதனங்களுக்கு ‘டெவ்’, தற்காலிகக் கோப்புகளுக்கு ‘டெம்ப்’, பயனர்களின் சொந்தக் கோப்புகளுக்கு ‘யூசர்’ என்று அடைவுகள் பிரிந்திருந்தன. இவற்றில் எதிலும் பொருந்தாதவை எட்சிக்கு வந்தன. பெயரும் அதைத்தான் சொல்கிறது; ‘முதலியன’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. வீட்டில் பரண் எப்படியோ, யூனிக்ஸில் எட்சி அப்படி.

ஆரம்பப் பதிப்புகளில் இந்த அடைவில் தரவைவிட நிரல்களே கண்ணில் பட்டன. கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் இனிட், முனையத்தில் உள்நுழைவு வரியைக் காட்டும் கெட்டி, வட்டை இணைக்கும் மவுன்ட், கோப்புப் பெயர்களில் உள்ள நட்சத்திரக் குறியை விரித்துத் தரும் குளோப் ஆகியவை இங்கே இருந்தன. இதற்கு இரண்டு வசதிகள் உண்டு. மற்ற வட்டுகள் இணைவதற்கு முன்பே தேவைப்படும் நிரல்கள் முதன்மை வட்டில் இருந்தாக வேண்டும். எட்சி அந்த வட்டில்தான் இருந்தது. சாதாரணப் பயனர் ஒரு கட்டளையைத் தட்டினால் ஷெல் தேடிப் பார்க்கும் அடைவுகளில் எட்சி கிடையாது. ஆகவே வட்டை அழிக்கக்கூடிய நிரலை ஒருவர் கைதவறி ஓட்டிவிடும் வாய்ப்பும் குறைவு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு, இன்றியமையாத தரவுகளும் ஆபத்தான பராமரிப்புக் கருவிகளும் உள்ள இடம் என்று இந்த அடைவை ஒரே வரியில் விவரிக்கிறது. தரவையும் கருவியையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை.

எட்சியின் கோப்புகளுக்கு ஒரு பொது இலக்கணம் மட்டும் அன்றே அமைந்துவிட்டது. ஒரு பொருளுக்கு ஒரு வரி. வரிக்குள் புலங்களைப் பிரிக்க முக்காற்புள்ளி அல்லது இடைவெளி. இப்படி இருந்தால் தனி நிரல் இல்லாமல் சாதாரண எடிட்டரில் திருத்தலாம், கிரெப் கட்டளையால் தேடலாம், காகிதத்தில் அச்சிட்டும் படிக்கலாம். இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு நிரலும் தன் கோப்பின் வடிவத்தைத் தானே வகுத்துக்கொண்டதால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே இலக்கணம் இன்றுவரை வரவில்லை.

கடவுச்சொல் கோப்பு

எட்சியின் வரலாற்றை ஒரே கோப்பில் படிக்க வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கோப்பைத்தான் எடுக்க வேண்டும். முதல் பதிப்பில் அதன் ஒவ்வொரு வரியிலும் ஐந்து புலங்கள்: பயனர்பெயர், கடவுச்சொல், பயனர் எண், தொடக்க அடைவு, ஓட வேண்டிய ஷெல். கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதனால் அந்தக் கோப்பைத் தலைமைப் பயனர் மட்டுமே படிக்க முடியும். ஆனால் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயரைக் காட்ட மற்ற நிரல்களுக்கு எண்ணிலிருந்து பெயரை அறியும் வழி வேண்டும். அதற்காகப் பெயரும் எண்ணும் மட்டும் கொண்ட யூஐடிஸ் என்ற பொதுக் கோப்பு தனியே வைக்கப்பட்டது. இரகசியம் ஒரு கோப்பு, எல்லோரும் அறியத்தக்கது இன்னொரு கோப்பு என்ற பிரிவு 1971இலேயே இருந்தது.

அந்தப் பிரிவு சீக்கிரமே கைவிடப்பட்டது. 1973இன் மூன்றாம் பதிப்பில் கிரிப்ட் என்ற மறையாக்கம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்-209 மறையாக்கக் கருவியைப் பின்பற்றியது அது. மறையாக்கிய சொல்லை யார் பார்த்தால் என்ன என்ற துணிவில் பாஸ்வேர்டு கோப்பு எல்லோரும் படிக்கும் கோப்பாக மாறியது. தனிப் பெயர்ப் பட்டியலுக்குத் தேவை இல்லாமல் போனது. புலங்களும் ஏழாகப் பெருகின. குழு எண் சேர்ந்தது. பெல் ஆய்வகத்தினர் அச்சு வேலைகளை ஜீகாஸ் இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்புவார்கள்; அங்கே தேவைப்படும் அடையாளத்தை எழுத ஒரு புலமும் சேர்ந்தது. அந்தக் கணினி மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பயனரின் முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்படும் அந்த ஐந்தாம் புலத்தை நிர்வாகிகள் இன்றும் ஜீகாஸ் என்றே அழைக்கிறார்கள்.

கடவுச்சொல்லை மறைக்காமல் வைப்பதில் உள்ள ஆபத்துக்கு முன்னுதாரணம் 1960களிலேயே இருந்தது. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பில் ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, இன்னொருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டரின் தற்காலிகக் கோப்புகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்தியாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் முனையத்தில் அச்சாகி வந்தது. ராபர்ட் மாரிஸும் தாம்ப்சனும் 1979இல் வெளியிட்ட கடவுச்சொல் பாதுகாப்புக் கட்டுரையில் இந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறார்கள்.

அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் ஊகிக்கத்தக்கவை: மிகச் சிறியவை, சிறிய எழுத்துகள் மட்டும் கொண்டவை, அகராதியில் உள்ளவை. அதாவது 86 விழுக்காடு. எம்-209 முறை வேகமாக ஓடியதால் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்ப்பதும் எளிதாக இருந்தது. ஏழாம் பதிப்பில் அதற்குப் பதிலாக டிஇஎஸ் முறையை மாற்றியமைத்து 25 முறை திரும்பத் திரும்ப ஓட்டும் வழி வந்தது. 12 பிட் நீளமுள்ள ஒரு தற்செயல் மதிப்பும் சேர்க்கப்பட்டது. இதனால் ஒரே கடவுச்சொல் 4,096 வகைகளில் மறையாக்கம் பெறலாம்; முன்கூட்டியே தயாரித்த பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது கடினமாயிற்று.

இந்தத் தடுப்பு எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு ஒரு பிற்காலச் சான்று உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பெர்க்லி யூனிக்ஸின் பழைய மூலநிரல் தொகுப்பில் தங்கியிருந்த பாஸ்வேர்டு கோப்பில் முன்னோடிகளின் மறையாக்கக் குறிகள் அப்படியே இருந்தன. தாம்ப்சனின் கடவுச்சொல் 2019இல்தான் உடைந்தது. நவீன கிராபிக்ஸ் அட்டைக்கே பல நாட்கள் பிடித்தன. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வைப் பழைய குறியீட்டு முறையில் அவர் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்.

கோப்பு எல்லோரும் படிக்கத் திறந்திருந்ததன் விளைவு 1988 நவம்பர் 2 அன்று பெரிய அளவில் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதிய புழு நிரல் இணையத்தில் பரவியது. கடவுச்சொல் மறையாக்கத்தை வடிவமைத்த ராபர்ட் மாரிஸின் மகன் அவர். புழு தான் புகுந்த கணினியின் பாஸ்வேர்டு கோப்பைப் படித்து, பயனரின் பெயர், அதன் திரிபுகள், தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள், கணினியிலேயே இருந்த அகராதி என வரிசையாக முயன்றது. நம்பத்தக்க மற்ற கணினிகளின் பட்டியலாக எட்சியில் இருந்த ஹோஸ்ட்ஸ் ஈக்விவ் கோப்பு, அடுத்துப் போக வேண்டிய இடங்களைச் சொல்லிக் கொடுத்தது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

தீர்வு அதற்குச் சற்று முன்பே வரத் தொடங்கியிருந்தது. மறையாக்கக் குறியை மட்டும் தலைமைப் பயனர் படிக்கும் வேறு கோப்புக்கு மாற்றுவதே அது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியில் அதன் பெயர் ஷேடோ. பெர்க்லி வழியில் 1990இன் ரீனோ பதிப்பிலிருந்து மாஸ்டர் பாஸ்வேர்டு. லினக்ஸ் கணினியின் பாஸ்வேர்டு கோப்பில் இன்று கடவுச்சொல் கிடையாது; இரண்டாம் புலத்தில் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். 1971இல் இருந்த இரகசியம்–பொது என்ற பிரிவு, கோப்புகளின் வேலை தலைகீழாக மாறிய நிலையில் திரும்பி வந்துவிட்டது.

தொடக்கக் கட்டளைகள்

கணினி தொடங்கும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கும் கோப்பின் பெயர் ஆர்சி. எம்ஐடியின் பழைய அமைப்பில் கட்டளைத் தொகுப்பை ஓட்டிய ரன்காம் என்ற வசதியிலிருந்து இந்தப் பெயர் வந்தது. ஏழாம் பதிப்பின் ஆர்சி மிகச் சிறியது: உள்நுழைந்தோர் பட்டியலைக் காலியாக்கு, பயனர் வட்டை இணை, தற்காலிகக் கோப்புகளை அழி, நினைவகத்தில் உள்ளதை அவ்வப்போது வட்டில் எழுதும் அப்டேட் நிரலையும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நிரலையும் தொடங்கு. அவ்வளவுதான். அமைவு என்பது இங்கே ஒரு பட்டியல்கூட அல்ல; ஓடக்கூடிய ஒரு ஷெல் நிரல்.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. பெர்க்லி வழியில் ஆர்சி ஒரே நீண்ட நிரலாக வளர்ந்தது. அந்தந்த நிறுவனம் சேர்க்க விரும்புவதை ஆர்சி லோக்கல் என்ற தனிக் கோப்பில் எழுதலாம். விற்பவர் எழுதிய பகுதியையும் வாங்கியவர் எழுதும் பகுதியையும் வெவ்வேறு கோப்புகளாகப் பிரித்த ஆரம்பகால முயற்சிகளில் இது ஒன்று. சிஸ்டம் ஃபைவ் வேறு வழியில் போனது. இனிட்டேப் என்ற கோப்பு கணினியின் ஓட்ட நிலைகளை எண்களால் குறித்தது. ஒவ்வொரு சேவைக்கும் இனிட்-டி அடைவில் தனி நிரல் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடைவும், அதில் அந்த நிரல்களைச் சுட்டும் இணைப்புகளும் இருந்தன. ‘எஸ்’ என்று தொடங்கும் இணைப்பு சேவையைத் தொடங்கும். ‘கே’ என்று தொடங்குவது நிறுத்தும். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வரிசையைத் தீர்மானிக்கும்.

இந்த ஏற்பாட்டைச் சிக்கலானது என்று பெர்க்லி வழியினர் பலர் கருதினர். ஆனால் ஒரு பெரிய வசதி அதில் இருந்தது. புதிதாக நிறுவப்படும் மென்பொருள் பிறருடைய கோப்பில் கைவைக்காமல் தன் கோப்பை அடைவில் போட்டுவிட்டுப் போகலாம்; நீக்கும்போது எடுத்துக்கொண்டு போகலாம். பின்னாளில் இந்த உத்தி எட்சி முழுவதும் பரவியது. பெர்க்லி வழியும் இதன் பயனை ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டு இறுதியில் வந்த நெட்பிஎஸ்டி 1.5, ஒவ்வொரு சேவைக்கும் தனி நிரல் வைத்தது. எண்களுக்குப் பதிலாக, தான் எதைத் தருகிறது, தனக்கு எது தேவை என்று ஒவ்வொரு நிரலும் தன் தலைப்பில் எழுதிவைத்தது. வரிசையை ஆர்சிஆர்டர் என்ற கருவி கணக்கிட்டுக் கொடுத்தது.

வலையமைப்பு கொண்டுவந்த கோப்புகள்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் எட்சிக்குப் பல கோப்புகளைத் தந்தது. எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் 1980இன் 4.0பிஎஸ்டி பதிப்பில் வந்தது. மவுன்ட் கட்டளைகளை ஆர்சி நிரலில் எழுதும் பழக்கம் அதனால் குறைந்தது. 1983இல் வெளியான 4.2பிஎஸ்டி இணைய நெறிமுறைகளோடு ஹோஸ்ட்ஸ், சர்வீசஸ், புரோட்டோகால்ஸ், நெட்வொர்க்ஸ் ஆகிய கோப்புகளையும் கொண்டுவந்தது.

ஹோஸ்ட்ஸ் கோப்பு கணினிப் பெயரையும் அதன் முகவரியையும் வரிக்கு வரி இணைத்துச் சொல்கிறது. ஆர்பாநெட் காலத்தில் இதற்கான மூலப் பட்டியலை கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையிலான தகவல் மையம் பராமரித்தது. மற்ற இடங்கள் அதை இறக்கிக்கொண்டு தங்கள் கோப்பாக மாற்றிக்கொண்டன. வலையமைப்பில் உள்ள எல்லாக் கணினிகளின் பெயரும் ஒவ்வொரு கணினியின் கோப்பிலும் இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு வலையமைப்பு வளர வளரத் தாங்கவில்லை. பால் மொக்காபெட்ரிஸ் 1983இல் களப்பெயர் முறையை முன்வைத்தார். அதன்பின் எட்சியில் ரிசால்வ் கான்ஃப் என்ற கோப்பு சேர்ந்தது. பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். பட்டியல் வெளியேறி, பட்டியல் இருக்கும் இடத்தின் முகவரி உள்ளே வந்தது.

இந்தக் கோப்புகளின் செல்வாக்கு யூனிக்ஸுக்கு வெளியேயும் எட்டியது. விண்டோஸ் கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தேடினால் சிஸ்டம்32 அடைவுக்குள் டிரைவர்ஸ், அதற்குள் எட்சி என்ற அடைவில் கிடைக்கும். சர்வீசஸும் புரோட்டோகாலும் பக்கத்திலேயே இருக்கும்.

ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் வந்தபோது, ஒவ்வொன்றிலும் அதே பாஸ்வேர்டு கோப்பைத் திருத்துவது பெரிய வேலையாயிற்று. சன் நிறுவனம் 1985இல் எல்லோ பேஜஸ் என்ற சேவையைத் தந்தது. பிரிட்டனில் அந்தப் பெயர் வணிகக்குறியாக இருந்ததால் பின்னர் என்ஐஎஸ் என்று மாறியது. மையக் கணினியின் எட்சிக் கோப்புகளிலிருந்து தயாரான பட்டியல்களை மற்றவை வலையமைப்பு வழியே கேட்டுப் பெற்றன. பாஸ்வேர்டு கோப்பின் கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டால், மீதியை மையத்திடம் கேள் என்று பொருள். கோப்பை முதலில் பார்ப்பதா, மையத்தை முதலில் கேட்பதா என்பதைத் தீர்மானிக்க சன்னின் சோலாரிஸ் இயங்குதளத்தில் என்எஸ்ஸ்விட்ச் என்ற இன்னொரு எட்சிக் கோப்பு வந்தது. அது இன்றும் லினக்ஸில் இருக்கிறது.

நிரல்கள் வெளியேறிய காலம்

1980களின் இறுதியில் வட்டு இல்லாத பணிநிலையங்கள் பரவின. ஒரே சர்வரிலிருந்து பல கணினிகள் வலையமைப்பு வழியே தங்கள் கோப்புகளைப் பெற்றன. எந்தக் கோப்பை எல்லோரும் பகிரலாம், எது ஒரு கணினிக்கு மட்டும் உரியது, எது மாறிக்கொண்டே இருக்கும் என்று பிரிக்காமல் இது நடக்காது. சன்ஓஎஸ் 4.0 பதிப்பு 1988இல், பயனர் கோப்புகளுக்குப் பதில் பொது நிரல்களின் இடமாக மாறிவிட்டிருந்த யூசர் அடைவைப் படிக்க மட்டும் திறந்ததாக வைத்து, மாறும் தரவுகளை ‘வார்’ என்ற அடைவுக்கு நகர்த்தியது. அடுத்து சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீடும் பெர்க்லியின் 1990 ரீனோ பதிப்பும் நிர்வாக நிரல்களுக்கு ‘எஸ்பின்’ அடைவை ஒதுக்கின. இனிட், மவுன்ட் போன்றவை எட்சியை விட்டு அங்கே போயின. தரவும் கருவியும் கலந்திருந்த நிலை இப்படி முடிவுக்கு வந்தது.

இதே காலத்தில் உரைக் கோப்பையே கைவிட வேண்டும் என்ற முயற்சிகளும் நடந்தன. ஐபிஎம் 1990இல் ஆர்எஸ்/6000 கணினிகளோடு தந்த ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் சாதன அமைவுகளின் பெரும்பகுதி ஓடிஎம் என்ற தரவுத்தளத்தில் இருந்தது. ஸ்மிட் என்ற மெனு வழியாக நிர்வாகி அதை மாற்றுவார். நெக்ஸ்ட் நிறுவனம் நெட்இன்ஃபோ என்ற தரவுத்தளத்தைக் கொண்டுவந்தது. நெக்ஸ்ட் இயங்குதளத்தின் வழித்தோன்றலான மேக் ஓஎஸ் எக்ஸும் 2007இன் 10.5 பதிப்பு வரும்வரை அதைச் சுமந்தது. மேக் கணினியின் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால், ஒற்றைப் பயனர் நிலையில் மட்டுமே இந்தக் கோப்பு நேரடியாகப் படிக்கப்படும் என்ற குறிப்பு முதல் வரிகளிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 1992இல் விண்டோஸ் 3.1இல் தொடங்கிய ரெஜிஸ்ட்ரி அந்த உலகில் நிலைத்துவிட்டது.

தரவுத்தளம் ஒரே இலக்கணத்தையும் வேகத்தையும் தருகிறது. ஆனால் அது பழுதானால் திறந்து பார்க்கத் தனிக் கருவி வேண்டும். உரைக் கோப்பு பழுதானால், மீட்பு வட்டில் தொடங்கி எந்த எடிட்டரிலும் சரிசெய்யலாம். கோப்பில் இன்னொரு பயனும் உண்டு: எண்குறியில் (#) தொடங்கும் வரியைப் பெரும்பாலான நிரல்கள் படிப்பதில்லை. அந்த வரியில் இந்த மதிப்பை ஏன், எப்போது, யார் மாற்றினார் என்று நிர்வாகி எழுதிவைக்கலாம். அடுத்து வருபவருக்கு அந்தக் குறிப்பே கையேடு. யூனிக்ஸின் பெரும்பகுதி உரைக் கோப்பில் தங்கியதற்கு இவை முக்கியக் காரணங்கள். கைதவறினால் வரும் ஆபத்துக்குச் சிறு தடுப்புகள் போதுமென்று கருதினார்கள். பாஸ்வேர்டு கோப்பைப் பூட்டி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திருத்த விடும் விஐபிடபிள்யூ, சாதாரணப் பயனருக்குத் தலைமைப் பயனர் உரிமை தரும் சுடோவின் அமைவில் இலக்கணப் பிழை இருந்தால் சேமிக்க மறுக்கும் விசுடோ ஆகியவை அப்படிப்பட்டவை.

லினக்ஸ் காலத்து விதிகள்

லினக்ஸின் ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு விநியோகமும் கோப்புகளைத் தன் விருப்பப்படி வைத்தது. இதை ஒழுங்குபடுத்த 1993 ஆகஸ்டில் தொடங்கிய விவாதத்தின் பயனாக 1994 பிப்ரவரி 14 அன்று எஃப்எஸ்எஸ்டிஎன்டி என்ற அடைவுத் தரநிலை வெளியானது. பிற யூனிக்ஸ் இயங்குதளங்களையும் கருத்தில் கொண்டு 1997இல் அது எஃப்ஹெச்எஸ் என்று மாறியது, 3.0 பதிப்பு 2015இல் வந்தது. இந்தத் தரநிலை கோப்புகளை இரண்டு கேள்விகளால் பிரிக்கிறது: கணினிகளுக்கிடையே பகிரலாமா, நிர்வாகி தலையிடாமலே மாறுமா? இரண்டுக்கும் இல்லை என்ற விடை வருபவை எட்சிக்கு உரியவை. பைனரி நிரல்கள் அங்கே இருக்கக் கூடாது என்றும் விதி வகுக்கப்பட்டது.

அதே 1990களில் டெபியன், ரெட் ஹேட் போன்ற விநியோகங்கள் மென்பொருளைத் தொகுப்புகளாக வழங்கின. இதனால் ஒரு கோப்பை இரண்டு கைகள் எழுதும் நிலை உண்டானது. தொகுப்பு ஓர் அமைவுக் கோப்பைக் கொண்டுவருகிறது. நிர்வாகி அதைத் திருத்துகிறார். ஆறு மாதத்தில் புதிய பதிப்பு வேறொரு கோப்பைக் கொண்டுவருகிறது. எதை வைத்துக்கொள்வது? உள்ளூர் மாற்றம் அழியக் கூடாது என்பது டெபியனின் கொள்கை. கோப்பு திருத்தப்பட்டிருப்பதையும் புதிய பதிப்பு மாறியிருப்பதையும் கண்டால் அதன் தொகுப்பு நிறுவியான டிபிகேஜி நிறுத்திக் கேட்கும்: உங்களுடையதை வைக்கவா, புதியதைப் போடவா, வேறுபாட்டைக் காட்டவா? ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் கேட்பதில்லை. நிலைமைக்கு ஏற்ப, புதிய கோப்பை ‘ஆர்பிஎம்நியூ’ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும், அல்லது பழையதை ‘ஆர்பிஎம்சேவ்’ என்று மாற்றிவைக்கும். இரண்டையும் ஒப்பிட்டு இணைப்பது நிர்வாகியின் பொறுப்பு.

இந்த மோதலைக் குறைக்க இனிட்-டி காலத்து உத்தி விரிந்தது. ஒரே பெரிய கோப்புக்குப் பதிலாக, ‘டி’ என்று முடியும் பெயருள்ள ஓர் அடைவு. அதில் உள்ள சிறு துண்டுகள் எல்லாவற்றையும் நிரல் வரிசையாகப் படிக்கும். கிரான், லாக்ரொடேட், சுடோ என ஒவ்வொன்றுக்கும் இத்தகைய அடைவு வந்தது. டெபியன் அப்பாச்சி சர்வரில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. தளங்களின் அமைவுகள் எல்லாம் ஓர் அடைவில் இருக்கும். இயங்க வேண்டியவற்றுக்கு மட்டும் இன்னோர் அடைவில் இணைப்பு இருக்கும். இணைப்பை நீக்கினால் தளம் நிற்கும். எழுதிய அமைவு அழியாது. ஃப்ரீபிஎஸ்டி 1990களின் இறுதியில் வேறு வகையில் தீர்வு கண்டது. இயல்பு மதிப்புகள் எட்சிக்குள் டிஃபால்ட்ஸ் என்ற உள்ளடைவில் இருக்கும். அதை நிர்வாகி தொடுவதில்லை. தான் மாற்ற விரும்புவதை மட்டும் ஆர்சி கான்ஃப் கோப்பில் எழுதுவார். வெளியிலிருந்து நிறுவும் மென்பொருளின் அமைவுகளுக்கு யூசர் லோக்கலின் கீழ் தனி எட்சி உண்டு.

பல கணினிகள், ஒரே எட்சி

நிர்வாகிகள் பழைய கோப்பை வேறு பெயரில் நகலெடுத்துவிட்டுத் திருத்துவதே நெடுங்கால வழக்கம். வால்டர் டிஷி 1982இல் அறிமுகப்படுத்திய ஆர்சிஎஸ் வந்த பிறகு, தனித்தனிக் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்க முடிந்தது. ஜோயி ஹெஸ் 2007இல் எழுதிய எட்ச்கீப்பர் மொத்த எட்சியையும் கிட் களஞ்சியமாக மாற்றி, மென்பொருள் நிறுவும்போதெல்லாம் மாற்றங்களைத் தானே பதிவுசெய்தது.

இன்னொரு போக்கு, கோப்பைக் கையால் திருத்துவதையே விட்டுவிடுவது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் 1993இல் சிஎஃப்எஞ்சினை உருவாக்கினார். ஒவ்வொரு வகைக் கணினியும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதினால், அது ஒவ்வொன்றையும் அந்த நிலைக்குக் கொண்டுவரும். யாராவது இடையில் மாற்றியிருந்தாலும் திரும்பச் சரிசெய்யும். 2005இல் பப்பெட், 2009இல் ஷெஃப், 2012இல் ஆன்சிபிள் இதே பாதையில் வந்தன. நிக்ஸ்ஓஎஸ் இயங்குதளத்தில் எட்சி கிட்டத்தட்ட முழுவதும் ஓர் அமைவு விவரிப்பிலிருந்து உற்பத்தியாகிறது. பழைய நிலைக்குத் திரும்ப முந்தைய விவரிப்பைத் தேர்ந்தால் போதும். இத்தகைய இடங்களில் மூலம் வேறெங்கோ இருக்கிறது. எட்சியில் இருப்பது அதிலிருந்து எழுதப்பட்ட நகல்.

காலியான எட்சியை நோக்கி

லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கிய சிஸ்டம்டி, தயாரிப்பாளர்–நிர்வாகி பிரிவை விதியாகவே ஆக்கியது. விநியோகம் தரும் சேவைக் கோப்புகள் யூசர் அடைவின் கீழ் ‘லிப்’ அடைவில் இருக்கும். ஓட்டத்தின்போது உருவாகி, கணினி நின்றதும் மறைபவை ‘ரன்’ அடைவில் இருக்கும். நிர்வாகி எழுதுபவை எட்சியில் இருக்கும். ஒரே பெயரில் மூன்றிலும் கோப்பு இருந்தால் எட்சியில் உள்ளதே செல்லும். முழுக் கோப்பையும் மாற்ற வேண்டியதில்லை. மாறும் இரண்டு வரியை மட்டும் ஒரு துண்டுக் கோப்பாக எழுதினால் போதும். ஒரு சேவை எந்த நிலையிலும் ஓடக் கூடாது என்றால், எட்சியில் அதன் பெயரில் வெற்றுச் சாதனத்துக்கு ஓர் இணைப்பு வைக்கப்படும். இணைந்துள்ள வட்டுகளின் பட்டியலான எம்டேப் கோப்பும், எட்சியில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கெர்னல் தரும் நேரடித் தகவலைச் சுட்டும் இணைப்பாயிற்று.

இதன் தர்க்கரீதியான முடிவு, எட்சி காலியாக இருந்தாலும் கணினி ஓட வேண்டும் என்பது. சிஸ்டம்டியின் ஆசிரியர்கள் 2014 முதல் இதை இலக்காகச் சொல்லிவருகிறார்கள். ஓபன்சூசே பல இயல்புக் கோப்புகளை யூசர் அடைவின் கீழ் ஒரு தனி எட்சிக்கு மாற்றியது. அப்படியான கணினியில் எட்சியைத் திறந்தால், இந்தக் கணினி மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பது நேரடியாகத் தெரியும். எல்லா மென்பொருளும் இதைப் பின்பற்றவில்லை. ஒரு சாதாரண டெபியன் சர்வரில் தொகுப்புகள் கொண்டுவந்த கோப்புகள் இன்றும் எட்சியில்தான் நிறைந்திருக்கின்றன.

2013இல் டாக்கர் வந்த பிறகு கன்டெய்னர்கள் பரவின. கன்டெய்னரின் எட்சியில் பெரும்பாலான கோப்புகள் பிம்பத்தோடு வருபவை. ஹோஸ்ட்ஸ், ஹோஸ்ட்நேம், ரிசால்வ் கான்ஃப் ஆகிய மூன்றையும் மட்டும் டாக்கர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் புதிதாக எழுதி மேலே பொருத்துகிறது. ஒரு கணினியைத் தனித்த கணினியாக்கும் அமைவுகளில் மிகக் குறைந்தபட்சம் எவை என்பதற்கு இது நடைமுறை விடை.

நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே தொகுதியாக நடத்தும்போது அமைவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. கோர்ஓஎஸ் நிறுவனம் 2013இல் இதற்காக எட்சிடி என்ற பரவல் தரவுத்தளத்தை உருவாக்கியது. எட்சி அடைவை ஒரு கணினியிலிருந்து பல கணினிகளுக்கு விரிப்பது என்ற எண்ணத்தையே பெயரும் சொல்கிறது. கன்டெய்னர்களைத் தொகுதியாக நடத்தும் குபர்நெட்டீஸ் தன் தொகுதியின் நிலை முழுவதையும் இதில்தான் சேமிக்கிறது. அங்கே அமைவு இருப்பது மறுபடியும் ஒரு தரவுத்தளத்தில். ஆனால் நிர்வாகி எழுதுவது வரிவரியாகப் படிக்கக்கூடிய உரைக் கோப்பு. மாற்றங்கள் பெரும்பாலும் கிட்டில் பதிவாகின்றன. எட்சிடி ஓடும் ஒவ்வொரு சர்வரின் எட்சி அடைவிலும் பாஸ்வேர்டு கோப்பு இப்போதும் ஏழு புலங்களோடு இருக்கிறது.